மதங்களை எந்தப் படியால் அளப்பது?

ஆண்டுதோறும் டிசம்பர் 6ஆம் தேதி மும்பை தாதர் சைத்தியபூமியில் இலட்சக்கணக்கான மக்கள் கூடுகிறார்கள். 1956இல் டாக்டர் அம்பேத்கர் மறைந்த நாள் அது. நாகபுரியிலிருந்து சிறப்பு இரயில்களில் வந்து இறங்கும் அந்த மக்களில் மிகப் பலர் நம்மைப் போலவே கூலிக்கு உழைப்பவர்கள். வரிசையில் நின்று வணங்கிவிட்டு, கடைகளில் புத்தகம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அவர்களைப் பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகள், "புத்தரும் ஒரு சாமிதானே? நம்ம சாமிக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்கிறார்கள். "எல்லாச் சாமியும் ஒன்றுதான், போய்ப் படி" என்று நாம் அனுப்பிவிடுகிறோம்.

இந்தப் பதில் போதாது. தமிழுக்கு இந்தக் கேள்வி புதியதும் அல்ல. மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் சென்று, "உங்கள் கொள்கை என்ன?" என்று கேட்கிறாள். எல்லாவற்றையும் கேட்ட பிறகே புத்த நெறியை ஏற்கிறாள். ஒப்பிட்டுப் பார்ப்பது தெய்வக் குற்றம் ஆகாது என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி வேண்டுமா?

முதல் வித்தியாசம் கடவுள் பற்றியது. கிறிஸ்தவமும் இஸ்லாமும் உலகைப் படைத்த ஒரே இறைவனை நம்புகின்றன. இந்து சமயத்தில் பல தெய்வங்களும் பல தத்துவங்களும் உண்டு. புத்தர் படைத்தவனைப் பற்றிப் பேசி நேரத்தைச் செலவிடவில்லை. துன்பம் இருக்கிறது, அதற்குக் காரணம் இருக்கிறது, அதை நீக்க முடியும், நீக்க வழி இருக்கிறது என்றார். தம்மை இறைத்தூதர் என்றோ அவதாரம் என்றோ சொல்லிக்கொள்ளவும் இல்லை. வேதம் சொல்கிறது, குரு சொல்கிறார் என்பதற்காக எதையும் ஏற்க வேண்டாம், நன்மை தருமா என்று நீங்களே பாருங்கள் என்று காலாமர்களுக்குச் சொன்னார். சமணமும் படைப்புக் கடவுளை ஏற்பதில்லை. ஆனால் அது உடலை வருத்தும் கடுந்தவத்தை வலியுறுத்தியது. புத்தரோ நடுவழியைக் காட்டினார்.

இரண்டாவது வித்தியாசம் பிறப்பு பற்றியது. உழைக்கும் மக்களாகிய நமக்கு இதுவே முக்கியம். சாக்கிய இளவரசர்கள் சங்கத்தில் சேர வந்தபோது, அவர்களுக்கு முடி திருத்திய உபாலிக்கே புத்தர் முதலில் துறவு கொடுத்தார். இளவரசர்கள் அவரை வணங்க வேண்டியதாயிற்று. குப்பை கூட்டிய சுனீதனும் சங்கத்தில் இடம் பெற்றார். மற்ற மதங்களிலும் சமத்துவக் குரல் உண்டு. மசூதியில் முதலாளியும் தொழிலாளியும் ஒரே வரிசையில் நின்று தொழுகிறார்கள். குருத்துவாராவில் எல்லோரும் ஒரே பந்தியில் உண்கிறார்கள். ஆனால் பண்டரிபுரத்து விட்டலனையே பாடிய மகார் குலத்துச் சோக்கமேளர் கோயிலுக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டார். பக்தி இருந்தது; படியேற உரிமை இல்லை.

இதை அனுபவித்து அறிந்தவர் அம்பேத்கர். 1935இல் இயோலாவில், "இந்துவாகச் சாகமாட்டேன்" என்று அறிவித்தார். அன்று மாலையே மதம் மாறிவிடவில்லை. 21 ஆண்டுகள் கழித்து, 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் இலட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார். அறிவு, கருணை, சமத்துவம் மூன்றும் சேர்ந்திருப்பதையே பௌத்தத்தின் சிறப்பாக அவர் சொன்னார்.

அவருக்கும் முன்பே, 1898இல், அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அது கோலார் தங்கவயலில் மாரிக்குப்பத்திலும் வேர் பிடித்தது. அங்கே அதை வளர்த்தவர்கள் யார்? நம்மைப் போல் ஊரைவிட்டுப் பிழைக்கப் போய், பூமிக்கு அடியில் பாறை உடைத்த தமிழர்கள்தான். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் அந்தத் தொழிலாளிகள் படித்தார்கள், பத்திரிகை நடத்தினார்கள் என்ற வரலாற்றை யாரும் மூட முடியாது.

அப்படியானால் பௌத்தம் குறையற்றதா? இல்லை. இலங்கையில் 1972ஆம் ஆண்டு அரசியல் சட்டம் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. 1978ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தொடர்ந்தது. அதன் பெயரால் பேசிய பிக்குகள் சிலர் தமிழருக்கு எதிராக நின்றதை நாம் மறக்கவில்லை. அங்கே சியாம் நிகாயம் உயர்ந்த சாதியாரை மட்டுமே துறவியாக்கியது. மற்றச் சாதியார் தனி நிகாயம் தொடங்க நேர்ந்தது. நம் ஊர்த் தேவாலயங்கள் சிலவற்றில் தனி இருக்கையும் தனிக் கல்லறையும் இருந்ததுபோல்தான் இதுவும். சாதி எந்த வாசல் வழியாகவும் நுழையும். அரசாங்கத்தோடு கைகோத்த எந்த மதமும் ஏழையைக் கைவிடும்.

சட்டமும் மதத்தைப் பார்த்தே அளக்கிறது. 1950ஆம் ஆண்டு ஆணைப்படி பெரும்பாலும் இந்துக்களுக்கே இருந்த பட்டியல் சாதி உரிமை, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கிடைத்தது. கிறிஸ்தவ, இஸ்லாமியத் தலித்துகளுக்கு இன்னும் இல்லை. கோயிலை விட்டுப் போனவனைச் சாதி விடவில்லை. சலுகை மட்டும் விட்டுவிட்டது. இது அநீதி என்பதே நமது கருத்து.

டிசம்பர் 6க்கு இன்னொரு முகமும் உண்டு. 1992இல் அதே நாளில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. தொடர்ந்து பம்பாயில் நடந்த கலவரங்களில் 900 பேர் இறந்ததாக ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் கணக்கிட்டது. தாராவியும் எரிந்தது. ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தவர்கள் ஒருவரையொருவர் கண்டு அஞ்சினார்கள். "என் மதம் பெரிது" என்று அளப்பவன் கடைசியில் வந்து நிற்கும் இடம் அதுதான்.

ஆகவே யாரையும் மதம் மாறும்படி நாம் சொல்லவில்லை. அவரவர் மதத்தை இந்த மூன்று கேள்விகளால் அளந்து பாருங்கள் என்கிறோம். திருவிழாவுக்கு வரி வாங்கும் கை, வரி கொடுத்தவன் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்குமா? பெண்ணுக்கு அங்கே வாய் திறந்து பேச இடம் உண்டா? இறந்தவனைப் புதைக்கவும் எரிக்கவும் ஒரே இடம் உண்டா?

நம் கிளைக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். பெண்களும் இளைஞர்களும் முதலில் பேசட்டும். பிள்ளைகள் கேட்டால் விரட்டாமல் பதில் சொல்லுங்கள்.