எண்ணிக்கையில் இடம்பெறாத கைகள்

புகார்த் துறைமுகத்தில் இறங்கிய பொருள்களுக்கும் கப்பலேறிய பொருள்களுக்கும் சோழர்தம் அலுவலர் புலி முத்திரை பொறித்தனர் என்று பட்டினப்பாலை கூறுகிறது. பல நாட்டிலிருந்து வந்து பல மொழி பேசிய மக்கள் அந்நகரில் கலந்து வாழ்ந்த செய்தியும் அந்நூலில் உண்டு. பொருளும் மக்களும் இடம்பெயர்வது வணிக நகரின் இயல்பு. இன்றைய திருப்பூருக்கும் இது பொருந்தும். ஆனால், அங்கே பொருளுக்கு இருக்கும் கணக்கு அப்பொருளை ஆக்கும் மக்களுக்கு இல்லை.

ஆடைக்குக் கணக்கு உண்டு

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பெரும்பங்கு திருப்பூருடையது. ஏற்றுமதிக்குச் செல்லும் அட்டைப்பெட்டிகளில் எந்த அளவில், எந்த நிறத்தில், எத்தனை ஆடைகள் உள்ளன என்பதற்குப் பட்டியல் உண்டு. அவ்வாடைகளைத் தைத்தவர்கள் யார்? முன்பு தென்மாவட்டங்களிலிருந்து வந்தோர் மிகுதி. இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் முதலிய மாநிலத்தவரும் பனியன் நிறுவனங்களிலும் சாயப்பட்டறைகளிலும் பணியாற்றுகின்றனர். இவர்கள் எத்தனை பேர் என்னும் வினாவிற்கு உறுதியான விடை இல்லை.

1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடைபெற்றுவந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 2021இல் நடைபெறவில்லை. 2011இல் எடுத்த கணக்கையே நாம் இன்னும் கையாளுகிறோம். அவ்வாண்டில் பிறந்த குழந்தை இப்போது மேல்நிலைக் கல்வியை எட்டும் வயதினை அடைந்துவிட்டது. இடையில் தகவல் திரட்டப்படாமல் இல்லை. தொழிலாளர் காப்பீடு, வருங்கால வைப்புநிதி, குடும்ப அட்டை, பள்ளிச் சேர்க்கை என ஒவ்வொரு துறையும் தனித்தனியே கணக்கு வைத்துள்ளது. காப்பீட்டில் பதிவான தொழிலாளியின் குழந்தை பள்ளியில் சேர்ந்ததா என்பதை அக்காப்பீட்டுக் கணக்கு கூறாது. பள்ளிப் பதிவேடோ, பள்ளிக்கு வராத குழந்தையை அறியாது.

அறியாமையின் விலை

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது இலட்சக்கணக்கானோர் நடந்தும் மிதிவண்டியிலும் சொந்த ஊர் திரும்பினர். வழியில் உயிரிழந்தோர் எத்தனை பேர் என்று அவ்வாண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அத்தகைய தரவு இல்லை என்று ஒன்றிய அரசு விடையளித்தது. இதன் பின்னரே, 2021 ஆகஸ்டில், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான 'இ-ஷ்ரம்' பதிவுத்தளம் தொடங்கப்பட்டது.

2023 மார்ச்சில் வேறொரு சோதனை வந்தது. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொலிகள் பரவின. பீகார் அரசின் குழு திருப்பூருக்கு வந்து தொழிலாளர்களைச் சந்தித்தது. அதே நாள்களில் ஹோலித் திருவிழாவும் வந்தது. தொடர்வண்டி ஏறியவர்களுள் விழாவுக்குச் சென்றோர் எத்தனை பேர், அஞ்சிச் சென்றோர் எத்தனை பேர் என்று பிரித்தறிய வழியில்லை. ஆண்டுதோறும் அப்பருவத்தில் ஊர் செல்வோரின் கணக்கு கையில் இருந்திருப்பின், வதந்தியை மறுக்க அதுவே வலிய சான்றாக அமைந்திருக்கும்.

கடல் கடந்தோர்

தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு செல்வோர் பற்றிய கணக்கும் இந்நிலையிலேயே உள்ளது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதோர், வளைகுடா நாடுகள் உள்ளிட்ட குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் அனுமதி பெற வேண்டும். அத்தேர்ச்சி பெற்ற பெரும்பாலோர்க்கு அவ்வனுமதி தேவையில்லை. எனவே, பதினோராம் வகுப்புப் பயிலும் நீங்கள் நாளை வேலைக்காகக் கடல் கடந்தால், அப்பதிவேட்டில் உங்கள் பெயர் பெரும்பாலும் இடம்பெறாது.

கேரளம் இக்குறையை உணர்ந்து 1998 முதல் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை வீடுவீடாகச் சென்று புலம்பெயர்வு ஆய்வினை நடத்திவருகிறது. தமிழ்நாட்டிலும் 2015இல் அத்தகைய ஆய்வு நடைபெற்றது. ஏறத்தாழ 22 இலட்சம் பேர் வெளிநாடுகளில் வாழ்வதாக அது மதிப்பிட்டது. ஒருமுறை எடுக்கும் கணக்கு ஒரு நிழற்படம் போன்றது. மாற்றத்தை அறியத் தொடர்ச்சி வேண்டும். 2018இல் ஐக்கிய நாடுகள் அவையின் உறுப்புநாடுகள் ஏற்ற புலம்பெயர்வு உடன்படிக்கையின் 23 குறிக்கோள்களுள் முதலாவது, துல்லியமான தரவுகளைத் திரட்டிப் பயன்படுத்துவதே ஆகும்.

செய்ய வேண்டுவன

கணக்கெடுத்தல் கண்காணிப்பாக மாறிவிடாதா என்ற அச்சம் எழலாம். அது நியாயமான அச்சமே. தனியுரிமை அடிப்படை உரிமை என 2017இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. 1948ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டமும் தனிமனிதர் தரும் விவரங்களைக் கமுக்கமாகக் காக்க வேண்டும் என்கிறது. அந்நெறியை எல்லாத் துறைகளும் பின்பற்றுதல் வேண்டும். திட்டமிடுவோர்க்குத் தேவை எண்ணிக்கையே; பெயரும் முகவரியும் அல்ல.

மாவட்ட அளவில் ஆண்டுதோறும் மாதிரி ஆய்வு நடத்துதல் வேண்டும். இந்தி, ஒடியா, வங்க மொழிகளிலும் வினாப்படிவங்கள் அமைதல் வேண்டும். துறைகள் அனைத்தும் 'புலம்பெயர்ந்தோர்' என்னும் சொல்லுக்கு ஒரே வரையறையைக் கொள்ளுதல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, திரட்டிய தரவு பயன்பாட்டுக்கு வருதல் வேண்டும். எந்தப் பகுதியில் வங்கமொழி அறிந்த ஆசிரியர் தேவை, எங்குத் தடுப்பூசி முகாம் நடத்த வேண்டும், எந்தத் தெருவுக்குக் கூடுதல் குடிநீர் வேண்டும் என்பவற்றை அத்தரவு முடிவு செய்யுமாயின், கணக்கெடுக்க வருபவரிடம் உண்மையைக் கூற மக்களும் தயங்கமாட்டார்கள். பயன் தராத கணக்கெடுப்பின்மீது நம்பிக்கை வளராது.

வந்தவர் திரும்பிச் சென்றுவிடுவார், அவரை ஏன் எண்ண வேண்டும் என்போரும் உளர். ஒருவர் சென்றால் அவ்வறைக்கு மற்றொருவர் வருகிறார். அறை வெறுமையாக இருப்பதில்லை. அங்கு வாழ்வோர்க்குத் தண்ணீரும் மருத்துவமும் கல்வியும் நாள்தோறும் தேவை. தைத்த ஆடையை ஒன்றுவிடாமல் எண்ணத் தெரிந்த ஊருக்கு, தைத்தவரை எண்ணுவது இயலாத செயலன்று.