ஒரகடத்து வேலையும் வீட்டுத் தறியும்

சென்ற மாதம் சேலை ஒப்படைக்கும் நாளன்று, பாலாற்றுக்குத் தெற்கேயிருந்து வரும் நம் அங்கத்தினர் ஒருவர், கூலிச் சீட்டைப் பெற்றுக்கொண்ட பின்னும் எழுந்து போகாமல் சங்கத் திண்ணையிலேயே அமர்ந்திருந்தார். விசாரித்தபோது விஷயம் வெளிவந்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய அவருடைய மூத்த பெண்ணுக்கு ஒரகடத்தில் மோட்டார் உதிரிப்பாகங்கள் செய்யும் ஆலையொன்றில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் மாதம் 15,000 ரூபாய். கம்பெனி பஸ் ஊர் எல்லைச் சாலைவரை வரும். "அனுப்பலாமா, வேண்டாமா? நீங்கள்தான் ஒரு வார்த்தை சொல்லவேண்டும்" என்றார்.

அன்று நாம் பதில் சொல்லவில்லை. உடனே சொல்லிவிடக்கூடிய பதில் அதற்கு இல்லை. இக்கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமன்று, நம் அங்கத்தினர் வீடுகளில் சரிபாதியிலேனும் இன்று கேட்கப்படுவது என்பதால், நமக்குத் தோன்றியதை இங்கே எழுத முற்படுகிறோம்.

இருங்காட்டுக்கோட்டையில் 1996இல் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பின்னர் ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010இலும், டெய்ம்லர் லாரி ஆலை 2012இலும், ராயல் என்ஃபீல்டு 2013இலும் உற்பத்தியைத் தொடங்கின. அவற்றுக்குப் பாகம் செய்து தரும் சிறிய ஆலைகள் எத்தனையோ. விடியுமுன் வாலாஜாபாத் சாலையில் நின்று பார்த்தால், உத்திரமேரூர், செய்யாறு, வந்தவாசிப் பக்கங்களிலிருந்து வரிசையாக வரும் பஸ்களின் விளக்குகளே இந்த மாறுதலை நமக்குச் சொல்லும். அவற்றில் உறங்கியபடி செல்பவர்களில் பலர் தறிவீட்டுப் பிள்ளைகள்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 15,000 ரூபாயை 26 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 577 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 72. பார்ப்பதற்கு நல்ல கூலிதான். ஆனால் அந்தப் பெண் வீட்டைவிட்டுப் பிரிந்திருக்கும் நேரம் எட்டு மணி அன்று. இடைவேளையோடு ஆலைக்குள் எட்டரை மணி. நம் அங்கத்தினர் ஊரிலிருந்து ஒரகடம் அப்படியொன்றும் எட்டாத தூரமில்லை. எனினும் கம்பெனி பஸ் நேர்வழியில் போவதில்லை, ஊர் ஊராக நின்று ஆளேற்றிக்கொண்டு போகிறது. முதலில் ஏறுபவர் கடைசியில் இறங்குகிறார். ஆகப் போவதற்கு இரண்டு மணி, வருவதற்கு இரண்டு மணி, இருமுறையும் காத்திருப்பது கூடி அரைமணி. மொத்தம் 13 மணி நேரம். காலை 6 மணி ஷிப்டு என்றால் மூன்று மணிக்கு எழுந்து மூன்றரைக்குச் சாலையில் நிற்கவேண்டும். பிற்பகல் ஷிப்டு என்றால் வீடு திரும்ப நள்ளிரவு கடந்து ஒரு மணி ஆகும். வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறுமாயின் உடம்புக்குப் பகல் எது, இரவு எது என்பதே தெரியாமற் போகும்.

சம்பளத்திலும் பிடித்தம் உண்டு. முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். பிடிப்பதாகக் கொண்டால் நூற்றுக்கு 12 வீதம் 1,800 ரூபாய். இ.எஸ்.ஐ. நூற்றுக்கு முக்கால் வீதம் 113 ரூபாய். கைக்கு வருவது 13,087. இதை 26 நாளுக்கும், நாளுக்கு 13 மணிக்குமாக வகுத்தால் மணிக்கு 39 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. எழுபத்திரண்டு எங்கே, முப்பத்தொன்பது எங்கே!

இத்துடன் கணக்கு முடிந்துவிட்டதாக எண்ணிப் பெண்ணை வீட்டிலேயே நிறுத்திவிடுவதும் பிழையே. மறுபக்கத் தட்டில் தறியையும் வைத்துப் பார்க்கவேண்டும். நம் அங்கத்தினருடையது கோர்வைத் தறி. கோர்வை என்றால் ஒருவர் கை போதாது என்பது நம்மவர்க்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாக நாடா மாறி மாறிப் பாய, கரைப் பக்கம் துணையாள் ஒருவர் அமர்ந்தே ஆகவேண்டும். அந்தத் துணையாள்தான் இந்தப் பெண். இருவரும் அமர்ந்தால் மாதம் இரண்டு சேலை இறங்குகிறது. கூலி, அவருடைய பாஸ்புத்தகப்படி, 13,000 ரூபாய். பெண் போய்விட்டால் கோர்வை நிற்கும். அவர் ஒருவராகக் கோர்வையில்லாச் சேலை நெய்தால் 7,000 தேறும் என்கிறார். ஆக, பெண் எழுந்து போவதால் தறி இழப்பது 6,000 ரூபாய். மாதம் 25 நாள், நாளுக்கு எட்டு மணி அவள் தறியில் அமர்கிறாள் என்றால், அவளுடைய ஒரு மணி நேரத்துக்குத் தறி கொடுத்துவந்தது 30 ரூபாய்.

முதலில் 72க்கும் 30க்கும் போட்டி என்று தோன்றியது. உண்மையில் 39க்கும் 30க்குமே போட்டி. பி.எஃப். பணம் பறிபோவதன்று, அவளுடைய சொந்தச் சேமிப்பு என்று அதையும் கூட்டினால் 44 ஆகும். முதலாளி செலுத்தும் பங்கு அதற்கும் மேல். ஆதலின் ஆலையின் பக்கமே தட்டுத் தாழ்கிறது. ஆனால் ஊரார் பேசிக்கொள்ளும் அளவுக்குத் தாழவில்லை. இந்த வித்தியாசத்துக்காக விடியற்கால உறக்கத்தையும், தாயோடு பேசும் நேரத்தையும், மேற்படிப்பு ஆசையையும் கொடுக்கலாமா என்பதுதான் அக்குடும்பம் தீர்மானிக்கவேண்டியது. சுவிட்சர்லாந்துப் பொருளியலாளர்களான புரூனோ ஃபிரே, அலோய்ஸ் ஸ்டட்சர் என்ற இருவர் ஜெர்மானியக் குடும்பங்களைப் பற்றிய புள்ளிவிவரங்களை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவு இங்கே நினைவுக்கு வருகிறது. நீண்ட தூரம் போய்வருவோர் அதற்கு ஈடாக நல்ல சம்பளமோ நல்ல வீடோ பெற்றிருக்கவேண்டும் என்பது ஏட்டுப் பொருளாதாரம். அவர்கள் கண்டதோ, பயணம் நீள நீள மக்கள் தம் வாழ்வில் கொள்ளும் திருப்தி குறைந்துகொண்டே போகிறது என்பது. சம்பளம் கண்ணுக்குத் தெரிகிறது, களைப்பு ஒப்புக்கொள்ளும்போது தெரிவதில்லை. ஜெர்மனியிலேயே இப்படியென்றால் நம்மூர்ச் சாலைகளைப் பற்றிக் கூறவேண்டுமா?

சொந்த வண்டியில் போனால் நேரம் மிஞ்சுமே என்று இளைஞர்கள் வாதிக்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து ஒரகடத்துக்குப் போக வர 70 கிலோமீட்டருக்குக் குறையாது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டியென்றும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும் கொண்டால் நாளுக்கு 140, மாதம் 3,640 ரூபாய் புகையாகப் போகிறது. இரண்டரை மணி நேரம் மிச்சமாகிறது என்பது உண்மையே. ஆயினும் கணக்குப் போட்டால் மணிக்கு 35 ரூபாயே நிற்கிறது. கம்பெனி பஸ்ஸில் போகிறவனுக்குக் கிடைப்பதைவிட அது குறைவு! வண்டித் தவணையையும் தேய்மானத்தையும் நாம் இதில் சேர்க்கவில்லை. இரவு ஷிப்டு முடித்து, கனரக லாரிகளுக்கு இடையே தூக்கக் கண்ணோடு வண்டியோட்டி வரும் ஆபத்துக்கு எந்த அங்கணக்கில் விலை போடுவது என்றும் தெரியவில்லை.

அரசாங்கப் பஸ் விஷயத்திலும் ஒரு மயக்கம் உண்டு. 2021 மே மாதம் வந்த மகளிர் இலவசப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கே உரியது. வெளியூர்ப் பஸ்ஸில் ஏறினால் சீட்டு வாங்கித்தான் ஆகவேண்டும். "பெண்பிள்ளைக்குப் பஸ் செலவே இல்லை" என்று ஏஜெண்டு சொல்லும்போது எந்தப் பஸ், எதுவரை என்று கேட்டுக்கொள்ளுதல் நலம்.

ஏஜெண்டு என்றதும் நாம் அழுத்திச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. வேலை ஆலையினுடையதா, காண்டிராக்டருடையதா என்பதைச் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னரே கேளுங்கள். 113 ரூபாய் பிடித்தம் என்று மேலே அலட்சியமாகக் குறித்தோமே, அந்த இ.எஸ்.ஐ. அட்டை ஒன்றே பல சமயம் இந்த நெடும்பயணத்துக்குத் தகுந்த காரணமாகிவிடும். அட்டை உள்ள பெண்ணுக்கு மட்டுமின்றி, அவளைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் வைத்தியம் கிடைக்க வழியுண்டு. குழித்தறியில் அமர்ந்து முழங்காலும் முதுகும் போன தகப்பனாருக்கு இது சிறிய விஷயமா? மேலும், 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்து, வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால், வேலையில் நேர்ந்த விபத்தாகவே கொள்ளப்படுகிறது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இவ்விதி இடம்பெற்றுள்ளது. பெயர் பதிவேட்டில் இல்லாத ஆளுக்கு வழியில் ஏதேனும் நேர்ந்தால், இவ்விதியைக் காட்டி வாதாடுவதே ஒரு தனிப் பயணமாகிவிடும்.

விடுதியில் தங்கினால் என்ன என்று கேட்கலாம். பெற்றோர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. 2021 டிசம்பரில் கைபேசி ஆலையொன்றின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, 150க்கு மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனதும், அவர்தம் தோழியர் நூற்றுக்கணக்கில் பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்ததும் எல்லாரும் அறிந்ததே. அதன் பின்னர் 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும்படியான குடியிருப்பைச் சிப்காட் கட்டி முடித்துத் திறக்கச் செய்தது. இது நல்ல தொடக்கம். ஆனால் அங்கே தங்கும் பெண் வாரம் ஒருநாளே வீட்டுக்கு வருவாள். தறிக்கும் அவளுக்கும் உள்ள தொடர்பு அத்தோடு அற்றது.

இன்னொன்றையும் மறத்தலாகாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா கைபேசி ஆலை, ஒரு காலத்தில் ஏறக்குறைய 8,000 பேருக்கு வேலை தந்து, 2014 நவம்பரில் மூடப்பட்டது. பல ஆண்டு பஸ்ஸில் போய்வந்த பெண்கள், இருபத்தைந்து முப்பது வயதில், வேறிடத்தில் விலைபோகாத ஒரு கைப்பழக்கத்தோடு வீடு திரும்பினார்கள். கோர்வை போடத் தெரிந்தவளுக்கு அந்த வித்தை கையைவிட்டுப் போவதில்லை. ஆயினும் இதைச் சொல்லித் தறியே மேல் என்று சாதிக்க நமக்கு வாய் எழவில்லை.

ஏனெனில் மேலே நாம் போட்ட 30 ரூபாய்க் கணக்கு, பாவும் ஊடையும் தடையின்றிக் கிடைக்கும் மாதத்துக்கே பொருந்தும். பட்டும் சரிகையும் வராமல் தறி சும்மா நிற்கும் வாரங்களில் அது பூஜ்யம். விற்காத சேலை அடுக்கில் தேங்கினால் கூலியும் தேங்குகிறது. 2019-20ஆம் ஆண்டின் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டுவதாகக் கூறுகிறது. சங்கம் மாதம் முழுவதும் வேலை கொடுக்க இயலாதபோது, வேலை கொடுப்பவனிடம் போகாதே என்று அங்கத்தினர் வீட்டுப் பெண்ணைப் பார்த்துச் சொல்ல நமக்கு என்ன உரிமை? நிர்வாகக் குழுவினருக்கு இவ்வாக்கியம் கசக்கலாம். அதற்காக நாம் அதை மாற்றப்போவதில்லை.

பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினருக்குக் கணக்கு வேறு. நவரைக்கும் சம்பாவுக்கும் நடவிலும் களையெடுப்பிலும்தான் கை வேண்டியிருக்கிறது. அறுவடைக்கு இயந்திரம் வந்துவிட்டது. ஆண்டில் பாதி நாள் சும்மா இருக்கும் வீட்டிலிருந்து ஒருவர் ஆலைக்குப் போவது பெரும்பாலும் நிகர லாபமே. நடவு வாரத்தில் லீவு கிடைக்குமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளவும்.

நமது முடிபு இதுதான். ஒரு மணி நேரப் பயணத்துக்குள், கம்பெனி பஸ்ஸும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் உள்ள வேலையென்றால் தயங்காமல் போகலாம். பயணம் இரண்டு மணியைத் தாண்டி, சொந்தச் செலவில், காண்டிராக்டரின் வாய்ச்சொல்லை நம்பிப் போகும் வேலைக்கு, 15,000 அன்று, 18,000 என்றாலும் நம் பிள்ளைகளை அனுப்பவேண்டாம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவற்றில், ஆறு மாதம் அல்லது ஓராண்டு என்று கெடு வைத்துக்கொண்டு போவது நன்று. கெடு முடிந்ததும் வீட்டார் கூடி மீண்டும் கணக்குப் பார்க்கட்டும். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டசபையில் நிறைவேறியதும், எதிர்ப்பினால் சில நாட்களில் அது திரும்பப் பெறப்பட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். நாலரை மணிப் பயணத்தோடு 12 மணி வேலையைக் கூட்டிப் பார்த்தால், உண்ண, உறங்க, குளிக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து எஞ்சுவது ஏழரை மணி! வேலை நேரம் மாறும்போதெல்லாம் கணக்கும் மாறும் என்பதற்காக இதைச் சொன்னோம்.

சங்கம் செய்யக்கூடியதும் சில உண்டு. துணையாள் போய்விட்ட கோர்வைத் தறிகள் இரண்டு அருகருகே இருந்தால், இரு நெசவாளரும் கூடி ஒரே தறியில் அமர்ந்து கூலியைப் பங்கிட்டுக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். பட்டும் சரிகையும் முதலில் அத்தறிக்கே தரப்படவேண்டும். ஒரே பக்கத்து ஊர்களிலிருந்து போகும் பிள்ளைகளின் பெயர்களைத் திரட்டி, பஸ் வழியை நேராக்கும்படி ஆலை நிர்வாகத்துக்குச் சங்கத்தின் பெயரால் எழுதலாம். தனியாளாகக் கேட்டால் டிரைவர்கூடத் திரும்பிப் பாரார். நாற்பது பேர் கையெழுத்திட்ட மனுவுக்கு மதிப்பு வேறு. ஒரு பயணத்தில் அரைமணி குறைந்தால் மாதத்துக்கு 26 மணி நேரம் மீளும். பணமாகப் பார்த்தால் அது 1,000 ரூபாய்ச் சம்பள உயர்வுக்குச் சமம்.

திண்ணையில் அமர்ந்திருந்த அங்கத்தினர் சென்ற வாரம் மகளையும் அழைத்துக்கொண்டு மீண்டும் வந்தார். வேலை ஆணையைக் காட்டினாள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் அதில் கண்டிருந்தன. பஸ் நிற்குமிடமும் நேரமும் கண்டிருக்கவில்லை. அவற்றை எழுத்தில் வாங்கிவரும்படி சொல்லியனுப்பியிருக்கிறோம். "அதுவரைக்கும் இந்தச் சேலையை முடித்துவிடுகிறோம் ஐயா" என்று சொல்லிப் போயிருக்கிறாள் அந்தப் பெண்.