தோட்டை வைத்து ஒரு சான்றிதழ்

போன மாதம் எங்கள் கிளையின் நகைக்கடன் கவுண்டரில் ஒரு அம்மா வந்து நின்றார். நான்கு கிராம் தோடு. மகள் பி.எஸ்சி. விலங்கியல். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பயிற்சிக்கு 25,000 ரூபாய் கட்டணும். "சர்டிபிகேட் வந்தா வேலை நிச்சயமாம் சார்" என்றார். கடன் சீட்டுப் போட்டவன் நான். அந்த உறுத்தல்தான் இந்தத் தலையங்கம்.

அமெரிக்க மருத்துவர் நோயாளியைப் பார்த்தபின் பேசிப் பதிவு செய்வதைக் காதில் மாட்டிக் கேட்டு, காலால் பெடலை மிதித்து நிறுத்தி ஓட்டி, அறிக்கையாகத் தட்டச்சு செய்கிற வேலை இது. கூலி வரிக்கணக்கு. பெரும்பாலும் இடைவெளியும் சேர்த்து 65 எழுத்து ஒரு வரி.

இதற்கு என்ன தகுதி? அமெரிக்காவிலேயே அரசு உரிமம் கிடையாது. அங்குள்ள தொழில் அமைப்பு உண்டாக்கிய தேர்வும் கட்டாயமில்லை. ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு எழுதச் சொல்கிற சோதனையில்தான் ஆள் தேறணும். உடற்கூறு, மருந்துப் பெயர்கள், கிரேக்க லத்தீன் வேர்ச்சொற்கள், தட்டச்சு வேகம், எல்லாத்துக்கும் மேல காது. 'ஹைப்பர்' என்றால் மிகை, 'ஹைப்போ' என்றால் குறை. மாற்றிக் கேட்டால் நோயே தலைகீழ். 'இலியம்' என்ற ஒரே ஒலியில் குடலின் ஒரு பகுதியும் உண்டு, இடுப்பெலும்பும் உண்டு. முன்பின் வாக்கியத்தை வைத்துத்தான் பிரிக்கணும். விலங்கியல் படித்த பிள்ளைக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

சூது எங்கே என்றால், அந்த மருத்துவரின் முணுமுணுப்பு கான்வென்ட் பிள்ளைக்கும் புரியாது, சேரிப் பிள்ளைக்கும் புரியாது. ரெண்டு பேரும் முதலிலிருந்து பழகணும். கேட்டு எழுதுகிற வேலை, பேசுகிற வேலையே இல்லை. ஆனால் நேர்முகத்தில் ஆங்கிலத்தில் பேசச் சொல்கிறான். அப்பா என்ன பண்றார், எந்த ஏரியா என்கிறான். இதற்குப் பெயர் 'தகுதி, திறமை'. தனியாரில் இடஒதுக்கீடு இல்லை. ஏன் அனுப்பினாய் என்று கேட்க நாதியும் இல்லை. தட்டச்சு ஹையர் பாஸ் செய்தால் அரசுச் சான்றிதழ். குரூப் 4இல் தட்டச்சர் பணிக்குச் செல்லும். அருந்ததியர் உள்ஒதுக்கீடு சேர்த்து 18 விழுக்காடு நமக்கு உண்டு. தெருமுனை நிலையம் தருகிற வண்ணக் காகிதத்துக்கு இதில் எதுவும் இல்லை.

இன்னொன்றையும் மறைக்கிறார்கள். இப்போது மருத்துவர் பேச்சை முதலில் எழுதுவது பெரும்பாலும் கணினி. மனிதர் அதன் பிழையைத் திருத்துகிறார். ஆள் தேவை சுருங்கிவிட்டது.

மாணவத் தோழர்களே, பணம் கட்டும் முன் கேளுங்கள். உண்மையான ஒலிப்பதிவு எத்தனை மணி நேரம் தருவீர்கள்? போன பேட்ச்சில் வேலைக்குப் போனவர்களோடு பேச விடுவீர்களா? 'வேலை நிச்சயம்' என்பதை ரசீதில் எழுதுவீர்களா? மூணாவது கேள்வியில் முகம் மாறும், பாருங்கள்.

நம் இரவுப் பாடசாலைகள் சிலவற்றில் கணினி சும்மா கிடக்கிறது. ஞாயிறுகளில் தட்டச்சும் காதுப் பயிற்சியும் இலவசமாகத் தொடங்கலாம். இந்த வேலை பார்த்த தோழர்கள் உடனே எழுதுங்கள். அந்தப் பெண்ணுக்கு வகுப்பு ஆரம்பித்துவிட்டது. முதலில் அவளுக்குத்தான் ஆள் வேண்டும்.