ஆச்சியின் காது

சென்ற மாதம் தெற்கு தில்லியில் ஓர் அழகு அறுவை சிகிச்சை நிலையத்தின் வரவேற்பறையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுபதைத் தாண்டிய ஒருத்தி அங்கே காத்திருந்தால் பார்ப்பவர்களுக்கு என்ன தோன்றுமோ அது தோன்றியிருக்க வேண்டும். எதிரே இருந்த இளம்பெண் என் கழுத்துச் சுருக்கங்களை அனுதாபத்தோடு பார்த்தாள். உண்மையில் நான் துணைக்கு வந்தவள். சிகிச்சை என் அண்ணன் பேரனுக்கு.

பையன் குர்காவ்னில் விளம்பர நிறுவனம் ஒன்றில் படம் வரைகிறான். இருபது வயதில் காது மடலின் அடியில் துளை போட்டு, மாதத்துக்கு மாதம் பெரிய பெரிய வளையமாக மாற்றி மாற்றி, சுண்டுவிரல் தாராளமாக நுழையும் அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருந்தான். துளைக்குள் எஃகுக் குழாய் ஒன்று. அதன் வழியே பின்னால் இருக்கும் சுவர் தெரியும். இப்போது இருபத்தேழு வயதாகிறது. தைத்து மூடிவிட வேண்டும் என்கிறான். கல்யாணப் பேச்சு ஏதாவது நடக்கிறதா, பெண் வீட்டில் சொன்னார்களா என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லை பாட்டி. போரடிச்சிருச்சு" என்றான்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். மரத்துப்போக ஊசி போட்டு, துளையின் ஓரத்தோலைச் சீவி எடுத்து, சதையை மடித்துத் தைத்துவிடுவாராம். ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அன்றே வீட்டுக்குப் போகலாம். இதற்கு அவர் 'கரெக்‌ஷன்' என்று சொன்னார். அந்தச் சொல் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. காரணம் பிறகு சொல்கிறேன்.

வரவேற்பறைச் சுவரில் சுஸ்ருதர் படம் மாட்டியிருந்தார்கள். அழகு சிகிச்சைக்காரர்களுக்கு அவர்தான் குலதெய்வம். மூக்கறுபட்டவர்களுக்குக் கன்னத்துத் தோலை எடுத்து மூக்கு செய்து வைத்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாத விஷயம், சுஸ்ருத சம்ஹிதையில் அந்த மூக்கு வைத்தியம் வரும் அத்தியாயம் காதைப் பற்றியது என்பது. காது குத்துவது எப்படி, குத்திய துளையைப் பெரிதாக்குவது எப்படி, பெரிதாக்கும்போது மடல் அறுந்துபோனால் ஒட்டவைப்பது எப்படி என்று விவரித்து, ஒட்டவைக்க 15 முறைகளை வகைப்படுத்திவிட்டுத்தான் அவர் மூக்குக்கு வருகிறார். வளர்த்த காது அறுவதும் அதைத் தைப்பதும் இந்த நாட்டில் அவ்வளவு பழைய சமாசாரம். என் அண்ணன் பேரனுக்கு இது தெரியாது. குழாய் மாட்டிக்கொள்ளும் யோசனை அவனுக்கு அமெரிக்கப் பாட்டுக்காரர்களைப் பார்த்து வந்தது.

அவனுடைய கொள்ளுப்பாட்டியின் அம்மா வயதில் இருந்த பெண்களும் காது வளர்த்தவர்கள்தான் என்றேன். கொள்ளுப்பாட்டிக்கு நேர் மாமியார், அதாவது எங்கள் ஆச்சி, எப்படி இருந்தாள் என்று கேட்டான்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். அந்தப் பக்கத்துப் பெண் குழந்தைகளுக்குக் கைக்குழந்தையிலேயே காதைக் கத்தியால் கீறிப் பஞ்சு திரித்து வைப்பார்கள். புண் ஆறினதும் குணுக்கு மாட்டுவார்கள். குணுக்கு என்பது ஈய வளையம். அதன் கனத்தில் மடல் இறங்கும். இறங்க இறங்க இன்னொரு குணுக்கு. தோளைத் தொடுகிற அளவுக்குத் தொங்கினால்தான் காது. அதில் பிறகு பாம்படம், தண்டட்டி, முடிச்சு என்று தங்கத்தில் ஏறும். சதுரமும் உருண்டையுமாக ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிவைத்தது போலிருக்கும் பாம்படம். ஆச்சி நடந்தால் ஆடும். குனிந்தால் முன்னால் வந்து விழும். அதனால் குனிகிறபோதெல்லாம் புறங்கையால் காதை ஒதுக்கிக்கொள்வாள்.

1963இல் கண்ணுக்கு வைத்தியம் பார்க்க அப்பா அவளை தில்லிக்கு அழைத்துவந்தார். அப்போது எங்கள் வீடு கரோல்பாகில். கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கிய ஆச்சியைப் பிளாட்பாரமே நின்று பார்த்தது. தெருவில் நடந்தால் பையன்கள் பின்னாலேயே வந்தார்கள். இந்தியில் மணிக்காரி என்று பெயர் வைத்தார்கள். ஆச்சிக்கு இந்தி தெரியாது. குழந்தைகள் ஆசையாகப் பின்னால் வருகின்றன என்று நினைத்துச் சிரித்தாள்.

எனக்கு இந்தி தெரியும். பத்து வயது. ஆச்சி மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு வருவாள். ஒருநாள் என்னோடு படித்த பெண் தன் காதில் இரண்டு பூட்டுகளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆச்சி மாதிரி நடந்து காட்டினாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று மாலை ஆச்சியிடம், "நாளையிலிருந்து நீ பள்ளிக்கூடத்துக்கு வராதே ஆச்சி" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. இரவு அப்பாவிடம், "ஆச்சி காதைச் சரிபண்ண முடியாதா?" என்று கேட்டேன். சரிபண்ண என்பது என் வார்த்தை.

அப்பாவுக்கும் அந்த எண்ணம் இருந்திருக்க வேண்டும். அலுவலகத்தில் இருந்து யாராவது வீட்டுக்கு வந்தால் ஆச்சி சமையலறைக்குள் போய்விடும்படி பார்த்துக்கொள்வார். ஊரிலும் அந்தக் காலத்தில் பல பெண்கள் வளர்த்த காதை அறுத்துத் தைத்துக் கம்மல் போட ஆரம்பித்திருந்தார்கள். மகன் பட்டணத்தில் வேலைக்குப் போனால் அம்மாவின் காது சிறியதாகும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். கண் சிகிச்சை முடிந்த கையோடு அப்பா விஷயத்தை எடுத்தார். ஆச்சி சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ஒனக்கு நல்லா இருந்தாச் சரிதான்யா."

பெரிய மருத்துவமனையில் அரை நாளில் முடிந்தது. பத்து நாள் கழித்துக் கட்டுப் பிரித்தார்கள். தையல் போட்டவர் கெட்டிக்காரர், தழும்பு தெரியவே இல்லை. பாம்படத்தை விற்று அத்தை கல்யாணத்துக்குச் சேர்க்கலாம் என்று அப்பா கடைக்குக் கொண்டுபோனார். நகை முழுக்கத் தங்கம் என்று நினைத்திருந்தார். உடைத்துப் பார்த்தால் மேலே தங்கத் தகடு, உள்ளே அரக்கு. அப்பாவின் முகம் அன்று தொங்கிய தொங்கலை ஆச்சியின் காதோடு ஒப்பிட்டு அம்மா பிற்காலத்தில் சிரிப்பாள்.

தில்லியில் ஆச்சியை அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் விரும்பியது நடந்தது. ஆனால் அவள் ஊருக்குத் திரும்பினாளே, அங்கே கதை வேறு. காதில் நகையில்லாத பெண்ணுக்கு, காது அறுந்த பெண்ணுக்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது: மூளி. சூர்ப்பணகைக்குச் சொல்வது. சண்டையில் ஒருத்தி இன்னொருத்தியை அப்படிச் சொன்னால் ஊர் கூடிப் பஞ்சாயத்து வைக்கவேண்டி வரும். கம்மல் போடத் துளை ஆறவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் ஆச்சி சில மாதம் வெறும் காதோடு இருந்தாள். அவள் வயதுப் பெண்கள் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லாமல் முதுகுக்குப் பின்னால் அந்தச் சொல்லைச் சொன்னார்கள். தாத்தா அவளைப் பார்த்தார், சாப்பிட்டார், எழுந்து வயலுக்குப் போனார். இரண்டு நாள் பேசவில்லை என்று அத்தை சொல்லித் தெரியும். கரோல்பாகில் சரியாகிவிட்ட அதே காது கரிசல்காட்டில் கெட்டுப்போயிருந்தது. அவள் கொஞ்சங்கொஞ்சமாகச் சேலைத் தலைப்பை இழுத்துக் காதை மூடிக்கொள்ளப் பழகினாள். அதன் பிறகு எடுத்த எல்லா போட்டோவிலும் அப்படித்தான் இருக்கிறாள்.

இன்னொரு பழக்கம் போகவே இல்லை. கோலம் போடக் குனிந்தால், அடுப்பை ஊதக் குனிந்தால், புறங்கை காதுப் பக்கம் போகும். இல்லாத பாம்படத்தை ஒதுக்கும். 1979இல் இறக்கிறவரை, பதினாறு வருஷம், அந்தக் கை போய்க்கொண்டே இருந்தது. என் கல்யாணத்துக்கு முந்தைய நாள் துணிந்து கேட்டேன், காது போனதில் வருத்தமா என்று. "காது லேசாத்தான் இருக்குட்டி. தலைதான் பறந்து போற மாதிரி இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு என் தலையில் பூ வைத்தாள்.

இந்த மாதிரி விஷயத்தை ஓர் அமெரிக்க டாக்டரும் கவனித்திருக்கிறார். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்பவர் நியூயார்க்கில் முகம் திருத்தும் அறுவை சிகிச்சை செய்துவந்தார். நன்றாக முடிந்த சிகிச்சைக்குப் பிறகும் சிலர் கண்ணாடியைப் பார்த்து எதுவும் மாறவில்லையே என்று வாதாடியது அவருக்குப் புதிராக இருந்தது. கத்தி போகாத இடத்தில் இன்னொரு முகம் இருக்கிறது என்று முடிவுகட்டி 1960இல் 'சைக்கோ சைபர்னெடிக்ஸ்' என்று புத்தகம் எழுதினார். அது ஏராளமாக விற்றது. புது முகத்துக்குப் பழக ஏறக்குறைய 21 நாள் ஆகிறது என்றும் சொன்னார். ஆச்சியின் கையை அவர் பார்த்திருந்தால் கணக்கைத் திருத்தியிருப்பார்.

மூன்று வாரத்தில் பழகாது என்பதற்குப் புகழ்பெற்ற சாட்சியும் உண்டு. 2000இல் உலக அழகியான பிரியங்கா சோப்ரா, மூக்கினுள் வளர்ந்த சதையை அகற்றப் போன இடத்தில் தவறு நேர்ந்து மூக்கின் பாலமே சரிந்துவிட்டதாக 2021இல் வெளியான தன் சுயசரிதையில் எழுதினார். உலகமே அழகு என்று கிரீடம் வைத்த முகம் அது. கைக்கு வந்த படங்கள் போயின. திருத்தும் சிகிச்சைகள் நடந்தன. கண்ணாடியில் யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போன்ற உணர்வு போகச் சில வருஷங்கள் ஆயிற்று என்கிறார். பிளாஸ்டிக் என்று அவரைக் கேலி செய்தவர்களுக்கு அவர் பதில் எழுத இருபது வருஷம் ஆகியிருக்கிறது. எழுதும் வசதியும் படிக்க ஆளும் உள்ளவருக்கே அவ்வளவு காலம்.

மற்றவர்கள் எழுதவில்லை. 1792 யுத்தத்தில் ஆங்கிலேயப் படைக்கு வண்டியோட்டிய கவாஸ்ஜி என்ற மராட்டியரின் மூக்கை திப்புவின் ஆட்கள் அறுத்தார்கள். புனேயில் உள்ளூர் வைத்தியர் ஒருவர் நெற்றித் தோலை இறக்கிப் புது மூக்கு செய்தார். அந்தச் செய்தி 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' பத்திரிகையில் படத்தோடு வந்தது. அதைப் பின்பற்றி 1814இல் ஜோசப் கார்ப்யூ அங்கே அறுவை சிகிச்சை செய்ய, ஐரோப்பாவில் இந்தக் கலை மறுபடி தலையெடுத்தது. மெழுகில் எப்படி அச்சு எடுத்தார்கள், தோலை எப்படித் திருப்பினார்கள் என்று பத்திரிகைக் கடிதம் விவரிக்கிறது. கவாஸ்ஜி அந்த மூக்கைத் தன்னுடையதாக எண்ணினாரா என்று அது சொல்லவில்லை. அவர் கம்பெனி பென்ஷன் வாங்கினார் என்பதோடு சரி.

ஆச்சிக்கு அநியாயம் செய்துவிட்டோம் என்று மட்டும் நான் இதை எழுதிவிட முடியாது. அவளே தன் மகளுக்கு, என் அத்தைக்கு, காது வளர்க்கவில்லை. பச்சைக் குழந்தைக்கு ஈயம் கட்டுகிற வேதனையை நான் பட்டது போதும் என்றிருக்கிறாள். கைக்குழந்தையாக இருந்தபோது அவள் காதைக் கீறியவர்கள் அவளைக் கேட்கவில்லை. ஐம்பத்தொன்பது வயதில் அறுத்த நாங்கள் கேட்டோம், அவள் வேண்டாம் என்று சொல்ல முடியாதபடி. இரண்டு தடவையும் பார்க்கிறவர்கள் கண்ணுக்காகத்தான் கத்தி போயிற்று. பையன் அப்படி இல்லை, தானே குத்தினான், தானே தைக்கிறான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனாலும் கைபேசியில் நாள் முழுக்கத் தன் முகத்தைப் பிறருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு தலைமுறையைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச எனக்குத் துணிச்சல் இல்லை.

பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்கவும் அவனோடு போனேன். காது சின்னதாக, சிவந்து, குழந்தையின் காது போல இருந்தது. காரில் வரும்போது இரண்டு தடவை விரலை அங்கே கொண்டுபோனான். குழாயைத் திருகிக்கொண்டே யோசிப்பது அவன் வழக்கம். ஒன்றும் அகப்படாமல் கை இறங்கியது. ஆச்சிக்கு வலித்ததா என்று திடீரென்று கேட்டான். தெரியாது என்றேன். கட்டுப் போட்டிருந்த பத்து நாளில் எங்களில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை.

பாம்படம் எப்படி இருக்கும், வரைந்து காட்டு என்றான். மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்தேன். அடியில் சதுரம், அதன்மேல் உருண்டை. அதற்கு மேல் கூம்பா, இன்னொரு சதுரமா என்று நினைவுக்கு வரவில்லை. ஆச்சியின் மடியில் படுத்துக்கொண்டு தினமும் அண்ணாந்து பார்த்த பொருள். சிகிச்சைக்கு முன்னால் அவளை நாங்கள் ஒரு போட்டோ எடுத்து வைக்கவில்லை. பையன் சீட்டை வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என் கோடுகளைத் திருத்த ஆரம்பித்தான்.