புவியியல் படிக்க விரும்பும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கப் போவதாக என் மகள் கூறியபோது நான் கேட்ட முதற் கேள்வி, "படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போகிறாயா?" என்பதே. அக்கேள்விக்காக இன்று வெட்கப்படுகிறேன். என் தாயாரே ஓர் ஆசிரியை. பிரித்தானியாவில் வாழும் எம்மவர் பலரது வீடுகளிலும் மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்ற மூன்று வாசல்களைத் தவிர வேறு வாசல் கண்ணிற்படுவதில்லை.

ஊரில் நாம் படித்த புவியியல், ஆறுகளையும் தலைநகரங்களையும் மனனஞ் செய்வதாகவே பெரும்பாலும் இருந்தது. இங்கு அவ்வாறில்லை. ஆறு, பனியாறு, காலநிலை ஆகியவற்றை ஆராயும் பௌதிகப் புவியியலும், நகரம், குடிப்பெயர்வு, வறுமை ஆகியவற்றை ஆராயும் மானிடப் புவியியலும் சேர்ந்தே கற்பிக்கப்படுகின்றன. களப்பயணம் உண்டு, புள்ளிவிபரவியல் உண்டு. இறுதியாண்டில் மாணவர் தாமே ஒரு கேள்வியைத் தெரிந்தெடுத்து, தரவு திரட்டி, ஆய்வுக்கட்டுரை எழுதவேண்டும். பொறியியல் படித்த எனக்குக் கேள்வியைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பை எவரும் தந்ததில்லை.

என் கணினித் துறையும் இப்பாடத்திற்குக் கடன்பட்டதே. 1960களில் கனடாவின் நிலவளங்களைக் கணினியிற் பதிந்து ஆராயும் முறைமையை உருவாக்கிய ரொஜர் ரொம்லின்சன், நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்திற் புவியியல் படித்தவர். அதன் வழிவந்த புவியியல் தகவல் முறைமைகளை இன்று வெள்ள அபாயத்தைக் கணிப்போரும், காப்புறுதி நிறுவனங்களும், நகரத் திட்டமிடலாளரும் பயன்படுத்துகின்றனர்.

வேலை உறுதி என்று நான் கூறவில்லை. மருத்துவப் பட்டம்போல் நேரே ஒரு கதிரையில் இருத்திவிடும் படிப்பன்று இது. இளையோரே, முதலாம் ஆண்டிலேயே ஓரளவு நிரலாக்கம் கற்றுக்கொள்ளுங்கள். வேலை தேடும்போது அது கைகொடுக்கும்.

மகள் தன் ஆய்வுக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீரைத் தெரிந்தெடுத்திருக்கிறாள். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத அந்நிலம், சுண்ணக்கற் பாறைக்குள் தேங்கும் மழைநீரையே நம்பியிருக்கிறது. மிகையாக இறைத்தால் உவர்நீர் உட்புகும். தோட்டங்களுக்கு இடும் உரத்தின் நைத்திரேற்றுக் கிணற்றுக்குள் இறங்கும். எங்கள் வளவுக் கிணறு எந்த மாதத்திற் சவர் தட்டும் என்று அப்பம்மாவிடம் தொலைபேசியிற் கேட்டுக் குறித்து வைத்திருக்கிறாள்.

அக்கிணற்றிற் பதினெட்டு ஆண்டுகள் குளித்த எனக்கு அது தெரியாது.