காலிப் பெட்டி திரும்பாவிட்டால்

சேலத்திலிருந்து தருமபுரிக்குப் போயிருக்கும் நேயர்கள் தொப்பூர்க் கணவாயை மறந்திருக்க மாட்டார்கள். இரு மருங்கும் மலை. நடுவே வளைந்து நெளிந்து செல்லும் சாலை. அதிலே மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் லாரிகள். பாலக்கோட்டுச் சந்தையின் தக்காளி தெற்கே சேலத்துக்குப் போக வேண்டுமானால் இந்த இறக்கத்தில்தான் இறங்க வேண்டும். நிறைந்த பெட்டிகளோடு போகும் லாரியை நாம் பார்க்கிறோம். காலிப் பெட்டிகளோடு எதிரே ஏறி வரும் லாரியை யார் கவனிக்கிறார்கள்? ஆனால் வியாபாரிக்குத் தெரியும். காலிப் பெட்டி திரும்பாவிட்டால், தோட்டம் நிறையப் பழம் இருந்தும் மறுநாள் அனுப்ப வழியில்லை.

நமது சரீரத்திலும் இதே வியாபாரம் இடைவிடாமல் நடந்துகொண்டிருக்கிறது. நரம்பு தசைக்குக் கட்டளையிடும்போது நேரே அதைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே நுட்பமான ஓர் இடைவெளி உண்டு. நரம்பின் முனையில் நுண்ணிய பைகள் குவிந்து கிடக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இருபத்தையாயிரம் பைகளை வரிசையாக வைத்துவிடலாம், அவ்வளவு சிறியவை. ஒவ்வொரு பையிலும் அசிடைல்கோலின் என்னும் ரசாயனத்தின் அணுத்திரள்கள் ஆயிரக்கணக்கில் அடைபட்டிருக்கின்றன. மின்துடிப்பு வந்தவுடன் சில பைகள் முனையின் சுவரோடு ஒட்டி உடைந்து, சரக்கை இடைவெளியில் கொட்டுகின்றன. தசை சுருங்குகிறது.

இனி, சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். தவளையின் நரம்பு முனை ஒன்றில் சில இலட்சம் பைகள் இருக்கின்றன. ஒரு துடிப்புக்குச் செலவாவது சுமார் 200. துடிப்புகள் அடுத்தடுத்து வந்தால் சில நிமிஷங்களில் கையிருப்பு முழுவதும் தீர்ந்துபோகும். புதிய பைகளைத் தருவிக்கலாமே என்றால், நமது கால் விரலை அசைக்கும் நரம்பின் தலைமை இடம் முதுகெலும்புக்குள் இருக்கிறது. அங்கிருந்து சரக்கு மிக வேகமாகப் புறப்பட்டாலும் பாதத்தை வந்தடைய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதுவரை நாம் நடக்காமல் இருக்க முடியுமா?

இயற்கை கண்ட உபாயம், காலிப் பைகளை அந்த இடத்திலேயே மீட்டுக்கொள்வது. 1973-இல் அமெரிக்காவில் ஹூசர், ரீஸ் என்னும் இரு விஞ்ஞானிகள் தவளை நரம்பைத் தூண்டிப் பார்த்தார்கள். பைகள் குறைந்தன, சுவர் விரிந்தது. ஓய்வு கொடுத்ததும் பைகள் மீண்டும் நிறைந்தன. வெளியே விட்டிருந்த அடையாளப் பொருள் அந்தப் பைகளுக்குள்ளேயே காணப்பட்டது. சுவரோடு கலந்த பைதான் உள்ளே குழிந்து, மறுபடி பையாக வந்திருக்கிறது என்பது இதனால் விளங்கியது.

அதே ஆண்டில், கானடாவில் டேவிட் சுஸுகியின் குழுவினர் விசித்திரமான ஒரு பழ ஈயைப் பற்றி வெளியிட்டார்கள். சுமார் 29 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் அது செயலற்று விழுந்துவிடும். குளிர்ந்த இடத்தில் வைத்தால் எழுந்து நடக்கும். மரத்துப்போனது என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்லால் அதற்கு 'ஷிபிரே' என்று பெயரிட்டார்கள். வெப்பத்தில் அதன் நரம்பு முனைகளில் பைகளே இல்லை! குழிந்த பையின் கழுத்தைக் கத்தரித்து விடுவிக்கும் டைனமின் என்னும் புரதம் அந்த ஈயில் பழுதுபட்டிருக்கிறது என்று 1991-இல் தெரியவந்தது.

நமது நாட்டில் இந்த ஈயை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன். (ராமனோடு உழைத்த பௌதிக விஞ்ஞானி கிருஷ்ணன் வேறு, இவர் வேறு.) அவரும் ராமஸ்வாமி, கெல்லி என்பவர்களும் ஒளிரும் சாயத்தைக் கொண்டு, பை மீளும் படிகளைக் கண்ணால் காணச் செய்து 1994-இல் வெளியிட்டார்கள். கத்தரிக்கும் வேலைக்குச் சக்தியைத் தேடிக் கொடுக்கும் நொதி எது என்பதையும் அவர் குழு 2001-இல் காட்டியது.

ஈயின் நரம்பைப் பற்றி நமக்கென்ன என்று கேட்கலாம். கோடை இரவில் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்கு இதில் உயிரே அடங்கியிருக்கிறது. கட்டுவிரியன் இரவில் கடிக்கும் பாம்பு. வலி சொற்பம், கடிவாயும் பல சமயம் தெரியாது. அதன் விஷத்திலுள்ள ஒரு நஞ்சு நரம்பு முனையைப் பற்றுகிறது. பைகள் காலியாகின்றன, மீட்சி நின்றுபோகிறது, முனையே சிதைகிறது. விடியற்காலையில் வயிற்று வலி, பிறகு இமை சரிவு, விழுங்கத் தடை, முடிவில் மூச்சுத் திணறல். முனை சிதைந்தபின் விஷமுறிவு மருந்து அதைச் செப்பனிடாது. இரத்தத்தில் மிஞ்சிய நஞ்சைத்தான் அடக்கும். ஆகையால் தாமதம் கூடாது. கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்டவரை அசையாமல் கிடத்தி, சேலத்திலோ தருமபுரியிலோ உள்ள அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு விரைவதே முறை. இயந்திரம் மூச்சைத் தாங்கிப் பிடித்தால், நாட்களிலோ வாரங்களிலோ நரம்பு தன் முனையை மறுபடி வளர்த்துக்கொள்ளும். அசைவற்றுக் கிடப்பவர் நாம் பேசுவதை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கலாம். போய்விட்டார் என்று கைவிட்டுவிடக் கூடாது.

அதைவிட நலம், கட்டிலில் படுப்பது. கொசுவலையை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிக்கொள்வது. அடுத்த முறை தொப்பூர் ஏற்றத்தில் காலிப் பெட்டி லாரி எதிர்ப்பட்டால், வழிவிட்டு ஒதுங்கும் அந்த விநாடியில், நம் மூச்சையும் ஒரு காலிப் பைதான் தாங்குகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.