வேகத்திற்கும் ஓர் இடம் உண்டு

வேகத்தை விரும்பாத இளைஞர் உலகில் இல்லை. மாட்டு வண்டிக் காலத்திலும் முந்திச் செல்ல நினைத்தவர்கள் இருந்தார்கள். ரேக்ளா பந்தயம் இன்றும் நம் ஊர்ப்புறங்களில் நடக்கின்றது. ஆகவே, வேகத்தின்மேல் உள்ள ஆசையைப் பாவம் என்று சொல்லி ஒதுக்கிவிட இயலாது. அந்த ஆசையை எங்கே தீர்த்துக்கொள்வது என்பதே கேள்வி. அதற்குரிய இடம் பந்தயத் தளமே. பொதுச்சாலை ஒருபோதும் ஆகாது என்பது என் கருத்து. இதனை மேடைப் பேச்சாகச் சொல்லவில்லை. சென்ற கல்வியாண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் சொந்தக் காரைப் பந்தயத் தளத்தில் ஓட்டிப் பார்த்தபின் சொல்லுகின்றேன்.

“இயற்பியல் ஆசிரியருக்கு அங்கே என்ன வேலை?” என்று நண்பர்கள் கேட்டார்கள். உராய்வு, உந்தம், மையநோக்கு விசை ஆகியவற்றைக் கரும்பலகையில் எழுதி எழுதிக் கை தேய்ந்தவன் நான். அவற்றை உடம்பால் உணர்ந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. வேறு காரணமும் உண்டு. அதனைப் பின்னர் சொல்லுகின்றேன்.

தளத்தின் கதை

தமிழ்நாட்டுக்கு மோட்டார் பந்தயம் புதிதன்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதை ஒன்றில் பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது. 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பின்னர் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தளம் அமைத்தது. 1990இல் திறக்கப்பட்ட அத்தளத்தின் ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், வளைவுகள் பன்னிரண்டு. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள தளம் கரிவரதன் பெயரைத் தாங்கி நிற்கின்றது. மாருதி 800 காரின் என்ஜினைக் கொண்டே பந்தயக் கார்களை உருவாக்கி, செல்வர்களுக்கே உரியதாக இருந்த ஆட்டத்தைச் சற்றேனும் கீழே இறக்கித் தந்தவர் அவர். 1995இல் வானூர்தி விபத்தில் மறைந்தார். அதே கோவை மண்ணிலிருந்து புறப்பட்ட நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010இல் அவ்வரிசையில் சேர்ந்தார்.

நான் சென்றது பந்தயத்திற்கன்று. ‘டிராக் டே’ என்று அதனைச் சொல்லுகின்றார்கள். அங்கே பரிசு இல்லை. முதல்வன், இரண்டாமவன் என்ற வரிசை இல்லை. அன்றாடம் அலுவலகத்துக்கும் சந்தைக்கும் ஓட்டுகின்ற காரையே கொண்டு சென்று, கட்டணம் செலுத்தி, கட்டுப்பாட்டுடன் தளத்தில் ஓட்டலாம். என் கார் ஒன்பது வயதான 1200 சி.சி. சிறிய கார். அதற்கு முன்னாலும் பின்னாலும் நின்றவை பெரும்பாலும் என்னுடையதைப் போன்ற வீட்டு வாகனங்களே.

ஓட்டுவதற்கு முன்

முதலில் என்னைக் கவர்ந்தது வேகமன்று, ஒழுங்கு. போவதற்கு முன்பே மெக்கானிக்கிடம் விட்டு பிரேக் ஆயிலை மாற்றச் சொல்லியிருந்தார்கள். காரணம் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகைப் புதிய ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரையிலாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி; ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் ஆவிக்குமிழ்கள் தோன்றும். திரவத்தைப் போலன்றி ஆவி அழுத்தினால் சுருங்கும். பிரேக்கை மிதித்தால் பஞ்சில் மிதித்தது போல் இருக்கும். அன்று பிற்பகல் எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவருக்கு இவ்வாறே நேர்ந்தது. விரிந்து கிடந்த மண்தரையில் போய்க் கார் நின்றது. அவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். மலைப்பாதையில் அவ்வாறு நேர்ந்திருந்தால் சிரிக்க ஆள் இருந்திருக்க மாட்டார்.

தளத்தில் காரைச் சோதித்தார்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர்ப் புட்டி, காலடி மிதியடி எல்லாம் வெளியே எடுக்கப்பட்டன. உருண்டு வந்து பெடலுக்கு அடியில் சிக்கக்கூடிய ஒரு பொருளும் உள்ளே இருத்தலாகாது. ஹெல்மெட் இல்லாதவருக்கு அனுமதி இல்லை. நேர்வதற்கு நானே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்திட்டேன். வழக்கமான மோட்டார் இன்சூரன்ஸ் பந்தயத்திற்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது என்பதையும் அங்கே நினைவூட்டினார்கள்.

பின்னர் வகுப்பு நடந்தது. நாற்பது வயதுக்காரனாகிய நான் மீண்டும் மாணவனாகி முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். மஞ்சள் கொடி அசைந்தால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. நீலக் கொடி கண்டால் பின்னே விரைவான கார் வருகின்றது, வழிவிடு. சிவப்புக் கொடி என்றால் அனைவரும் வேகத்தைக் குறைத்துத் திரும்பிவிட வேண்டும். நேர்ப்பகுதியில் மட்டுமே முந்தலாம். அதுவும் முன்னே செல்பவர் கையால் வழி காட்டிய பிறகே. கொடி பிடித்து வெயிலில் நின்றவர்களில் பலர் கல்லூரி மாணவர்கள். அவர்கள் கையிலிருந்த துணிக்கு எத்துணை விலையுயர்ந்த காரும் அன்று பணிந்தது. நம் ஊர் நாற்சந்தியில் சிவப்பு விளக்குக்கு அந்தப் பணிவு கிடைக்கின்றதா?

தளம் சொல்லித் தந்தவை

முதல் இரண்டு சுற்றும் வழிகாட்டிக் காரின் பின்னே மெல்லச் சென்றோம். பிறகே அவரவர் விருப்பத்திற்கு விட்டார்கள். வளைவுக்கு வெளிப்புறமிருந்து நுழைந்து, உள்விளிம்பைத் தொட்டு, மீண்டும் வெளிப்புறம் செல்வதே தளத்தில் வழி. ஏனெனில், அவ்வாறு சென்றால் வளைவின் ஆரம் பெரிதாகின்றது. ஆரம் பெரிதானால் தேவைப்படும் மையநோக்கு விசை குறைகின்றது. வகுப்பில் இதனை எத்தனை முறை எழுதிப் போட்டிருப்பேன்! அன்றுதான் என் தோளும் இடுப்பும் அதனைப் படித்தன.

டயரின் பிடிப்பு மாதச் சம்பளத்தைப் போன்றது. இருப்பது இவ்வளவுதான். முழுவதையும் பிரேக்குக்குச் செலவழித்துவிட்டால் திருப்புவதற்கு மீதி இராது. ஆகவே நேராகச் செல்லும்போதே பிரேக்கை முடித்துக்கொண்டு, பின்னர் திருப்ப வேண்டும். இதனை அறியாமல்தான் சாலை வளைவில் பலர் பதறி, திருப்பும்போதே பிரேக்கை அழுத்திச் சறுக்கி விழுகின்றனர்.

ஐந்து சுற்று முடிவதற்குள் பிரேக்கிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. நின்று இளைப்பாற வேண்டியவன் நானா, காரா என்று தெரியவில்லை. நிறுத்தியபின் ஹேண்ட் பிரேக்கைப் போடாதே, சக்கரத்துக்குக் கல் வை என்றார்கள். கொதிக்கும் பிரேக்கை இறுகப் பிடித்து வைத்தால் அது கெடும்.

நான் ஓட்டியதில் மிக விரைவான சுற்றுக்கு 2 நிமிடம் 40 விநாடி ஆயிற்று. அப்படியானால் சராசரி வேகம் என்ன? மணிக்கு ஏறத்தாழ 84 கிலோமீட்டர்! எதிரே வண்டி வராத தளம். ஆடு மாடு இல்லை. குழந்தைகள் குறுக்கே ஓடவில்லை. தலையில் ஹெல்மெட், உடம்பில் சீட் பெல்ட். வெளியே ஆம்புலன்ஸ் தயார். இத்தனையும் இருந்து, நெஞ்சு படபடக்க ஓட்டியும் சராசரி 84தான். “புறவழிச்சாலையில் நூறுக்குக் குறையாமல் வந்தேன் சார்” என்று நம் மாணவர் ஒருவர் சொல்லும்போது, இனி நான் வியக்க மாட்டேன், அஞ்சுவேன்.

கணக்கு ஒன்று

மாணவ நண்பர்களே, ஒரு சிறு கணக்குப் போடுங்கள். உலர்ந்த சாலை, நல்ல டயர், உராய்வெண் 0.7 என்க. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி என்க. 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு விநாடியில் 17 மீட்டரும், பிரேக் பிடித்தபின் 20 மீட்டரும் ஓடி, 37 மீட்டரில் வண்டி நிற்கும். 120 கிலோமீட்டரில் 33 மீட்டரும் 81 மீட்டரும் சேர்ந்து 114 மீட்டர். வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் நான்கு மடங்காவதைக் கவனியுங்கள். முதல் வண்டி அசையாமல் நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாம் வண்டி கடக்கும்போது, அதன் வேகம் இன்னும் ஏறத்தாழ 117 கிலோமீட்டர். அந்த இடத்தில் ஒரு சைக்கிள்காரர் நின்றால் அவர் கதி என்ன?

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்லுகின்றது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 462 பேர். அவற்றுள் 71 விழுக்காடு அதிவேகத்தால் நேர்ந்தவை என்று கணக்கிட்டிருக்கின்றார்கள். இறந்தவர்களுள் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் அவ்வாண்டு 17,884 உயிர்கள் போயின.

நான் பின்னர் சொல்வதாகக் கூறிய காரணம் இதுதான். நம் கல்லூரி மாணவர் ஒருவரை ஈராண்டுகளுக்கு முன் புறவழிச்சாலையில் இழந்தோம். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. செய்முறைத் தேர்வுக்கு அவர் வரைந்து வைத்த வரைபடம் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றது. கெட்ட பிள்ளை அல்லர்; வேகத்தை விரும்பிய பிள்ளை. அவர் விருப்பத்திற்கு நாம் காட்டிய இடம் எது? ஒன்றுமில்லை. “வேகமாகப் போகாதே” என்ற ஒரு வாக்கியம்தான் நம்மிடம் இருந்தது.

மறுப்பும் விடையும்

“இது பணக்காரர் விளையாட்டு” என்பர். உண்மைதான். கட்டணம், பெட்ரோல், பிரேக் தேய்மானம் எல்லாம் சேர்ந்து என் சம்பளத்தில் ஒரு நல்ல பங்கை விழுங்கின. சொந்தக் கார் என்பதே நம் மாணவர் பெரும்பாலோருக்குக் கனவு. எல்லோரும் இருங்காட்டுக்கோட்டைக்குச் செல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை.

“தளத்தில் ஓட்டியவன் சாலையிலும் அவ்வாறே ஓட்டத் துணிவானே!” என்பர் வேறு சிலர். அந்த ஆபத்து இல்லையென்று சொல்ல மாட்டேன். கற்றுத் தருபவரும் கண்டிப்பவரும் இல்லாத இடத்தில் அது வளரவே செய்யும். ஆனால், தன் வண்டி நிற்க எத்தனை மீட்டர் வேண்டும் என்பதைத் தன் காலாலேயே அளந்து பார்த்தவன், சாலையில் அந்த இடைவெளியைத் தேடுவான் என்பதே என் அனுபவம். அன்று மாலை வீடு திரும்பும்போது நெடுஞ்சாலையில் என்னை எல்லா வண்டிகளும் முந்திச் சென்றன. எனக்கு வருத்தமில்லை.

சட்டமும் இங்கே தெளிவாக இருக்கின்றது. பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கின்றது. சட்டம் தடுக்கும்; கற்பிக்காது. கற்பிப்பது நம் போன்றோர் கடமை.

செய்யக்கூடியது

கோடிக்கணக்கில் செலவு வேண்டியதில்லை. விடுமுறை நாளில் ஒரு வெற்று மைதானம் போதும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் சுண்ணாம்புக் கோடு போடட்டும். போக்குவரத்துக் காவலரையும் அனுபவமிக்க ஓட்டுநர் ஒருவரையும் அழைப்போம். ஹெல்மெட் அணிந்து, மணிக்கு 30 கிலோமீட்டரிலும் 40 கிலோமீட்டரிலும் தம் சொந்த வண்டியைப் பிரேக் பிடித்து நிறுத்தி, எத்தனை மீட்டர் ஓடிற்று என்று மாணவர்கள் நாடாவால் அளந்து பார்க்கட்டும். முன் பிரேக்கைத் தொடவே அஞ்சுகின்ற பிள்ளைகள் அதன் பயனை அங்கே அறியட்டும். அந்த அளவுகளை வைத்து உராய்வெண்ணைக் கண்டுபிடிக்கும் செய்முறையை நடத்தித் தர இயற்பியல் துறை அணியமாக இருக்கின்றது.

முதல்வர் அவர்களும் மாணவர் பேரவையினரும் இக்கருத்தை வரும் கல்வியாண்டில் எண்ணிப் பார்க்க வேண்டுகின்றேன். வேகத்தை விரும்பும் பிள்ளைகளுக்கு அதன் கணக்கை நாம் முன்னரே சொல்லித் தருவோம். சாலை சொல்லித் தரும்வரை காத்திருந்தால், அந்தப் பாடத்திற்கு மறுதேர்வு இல்லை.